கிழக்கு எல்லை கடல்

மார்ச் 4

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பதினோரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை மாமா எடுத்து, "உங்க அக்கா வெளியே போயிருக்கா" என்றார். பின்னாலிருந்து, "இங்கதான் இருக்கேன், பேசப் பிடிக்கலன்னு சொல்லுங்க" என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இடத்தை வாங்கிவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் வீட்டில் என் பாதியை விற்றது தப்பு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். இருபத்திரண்டு வருஷம் இந்த நாட்டு மொட்டை மாடிகளில் வெயிலில் உட்கார்ந்து அடுத்தவன் வீட்டு ஏசியைக் கழற்றி மாட்டியவன் நான். உள்ளே இருப்பவனுக்குக் குளிரும், எனக்கு உள்ளங்கால் கொப்பளிக்கும். இன்னும் பத்து வருஷம் இதையே செய்துவிட்டு, நம் வீட்டில் ஒரு மூலையில் வந்து உட்கார எனக்கு மனசில்லை.

இந்தக் கடற்கரையை நீ பார்க்க வேண்டும். பஸ் கடைசி ஊரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மண் ரோடு, அப்புறம் மணலில் முக்கால் மணி நேர நடை. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது, ஒரு கடை கிடையாது. அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிறது கரை. இரண்டு வருஷத்தில் தார் ரோடு வந்துவிடும் என்கிறார்கள். அதற்கு முன்னால் நான்கு அறை கட்டிவிட்டால் போதும், தங்க வருகிறவர்களை வைத்துப் பிழைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டுக்காரர் கடலோரத்தில் தன் பெயரில் நிலம் வாங்க இங்கே சட்டம் இல்லை. அதனால் பத்திரம் தரகரின் தங்கை பெயரில் இருக்கிறது. இடம் உண்மையில் என்னுடையதுதான் என்று அந்த அம்மா தனியாக ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்களாம்.

தெற்கு ஓரத்தில் இரண்டு தகரக் கொட்டகை இருக்கிறது. வலை காயப்போடுகிறவர்கள். சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று தரகர் சொன்னார்.

இங்கே சிக்னல் கிடையாது. கடைசி ஊர் தபால் ஆபீசில் என் பெயருக்கு எழுதினால் வாங்கிக்கொள்வேன். திட்டியாவது எழுது.

சுருட்டை


மார்ச் 19

சுருட்டை,

தலையில் முடி இருந்த காலத்தில் வைத்த பெயர். வேறு பெயரில் உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை, அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

முப்பத்தொரு வருஷமாகப் பத்திர ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு ஊரார் சொத்துக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். என் கூடப் பிறந்தவன் வீட்டில் பாதியை விற்ற விஷயம் பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் எழுதிக் குடுத்தேம்மா" என்றார். "தெரியும் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் பாதியில் இப்போது கிரில் கதவு செய்கிற பட்டறை. காலை எட்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பை அறுக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் டம்ளர் ஆடுகிறது. வாங்கினவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பிழைப்பு அது.

இப்போது கேட்கிறேன், பதில் சொல். அந்தத் தங்கை நாளைக்கு அந்த நிலத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால் உன் கையில் இருக்கிற காகிதத்தை வைத்து என்ன செய்வாய், மூக்கைத் துடைப்பாயா? மூலப் பத்திரம் பார்த்தாயா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? விற்றவர் யார், அவருக்கு அது எப்படி வந்தது? நான்கு எல்லையும் யார் யார்? கிழக்கு எல்லை கடல் என்றுதானே எழுதியிருப்பார்கள். நாளைக்குக் கடல் இருபது அடி உள்ளே வந்தால் எந்த ஆபீசில் மனு கொடுப்பாய்?

உனக்கு அந்த மொழி பேசத்தான் வரும், படிக்க வராது. படிக்கத் தெரியாத பத்திரத்தை வாங்கிக்கொண்டு அரிவாள் மாதிரி கரை என்று வர்ணனை எழுதுகிறாய்.

பத்திரத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. போனில் படம் பிடித்து அனுப்பாதே, எழுத்து பூச்சி பூச்சியாகத் தெரியும். கைநாட்டு இருக்கிற பக்கம் தெளிவாக இருக்க வேண்டும்.

மாமா இரண்டு வாரமாக ஒரு மாதிரி இருக்கிறார். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். செடி அழுகிவிடும் போலிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், மொத்தம் ஒன்பது பக்கம். விற்றவர்கள் அண்ணன், தம்பி, தங்கை என்று மூன்று பேர். மூன்று பேருமே கைநாட்டு. அப்பா வழியில் வந்த நிலமாம். தரகர் நல்ல மனிதர். முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். நீ எல்லாரையும் சந்தேகப்படுகிறாய். முப்பத்தொரு வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு மனிதர்கள் எல்லாம் எதிர்த்தரப்பாகத் தெரிகிறார்கள்.

போன வாரம் மூன்றாவது முறையாக அளந்தோம். முன்பு அடித்த முளைக்குச்சிகளில் பாதியைக் காணவில்லை. மணல் காற்று சாய்த்திருக்கும் என்றார் தரகர். சாய்ந்த குச்சி அங்கேயேதானே கிடக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை.

அறைகளுக்கு நானே வரைபடம் போட்டுவிட்டேன். ஏசியே தேவைப்படாதபடி காற்று குறுக்கே ஓடும். கிழக்குப் பக்கம் இரண்டு அறை, ~~அதில் மாமாவுக்குக் கடலைப் பார்த்த ஜன்னல்~~ அவற்றில் பெரிய ஜன்னல்.

நடுவில் ஒரு வரியை அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே, எழுத்துப்பிழை.

கொட்டகைக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. சீசன் எப்போது முடியும் என்று கேட்டேன். "அவங்களுக்கு வேற எடம் இருக்கு, நீங்க ஏன் கவலப்படறீங்க" என்றார் தரகர்.

சுருட்டை


ஏப்ரல் 17

தம்பி,

அடித்த எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். 'மாமாவுக்குக் கடலைப் பார்த்த ஜன்னல்.'

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். செடிக்குத் தண்ணீர் விடப் போனார். "செடி செத்து மூணு நாளாச்சு, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"முழுசும்."

"முழுசும்னா?"

"ரிட்டயர்மெண்ட்ல வந்தது முழுசும்."

முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். யாரோ எங்கெங்கோ போகிற நேரத்தை எழுதி எழுதியே காலம் போனது. ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. "நம்ம வீட்ல எந்த ஜன்னலத் தெறந்தாலும் அடுத்தவன் சுவருதான தெரியுது. எனக்கும் ஒண்ணு கடலப் பாத்து இருக்கட்டும்னு ஆசப்பட்டேன்" என்றார். இதற்கு நான் எந்த வாயால் திட்டுவது? திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. அன்று முழுக்க நான் ஏதாவது சொல்வேன் என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

அந்த எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் கைநாட்டுக்கு மொழி கிடையாது. ஏழாம் பக்கத்தில் மூன்று பேரின் இடது பெருவிரல் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முதல் ரேகையில் நடுச்சுழிக்குக் கீழே குறுக்காக ஒரு வெட்டு, பழைய காயத் தழும்பு. இரண்டாவதிலும் அதே வெட்டு, அதே சாய்வு. மூன்றாவதில் மை அதிகம், ஈஷியிருக்கிறது. ஆனாலும் வெட்டு இருக்கிறது. அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேரும் ஒரே கத்தியில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டார்களா?

ஒரே ஆளின் விரல். மூன்று பெயர்.

எனக்கே நம்பிக்கை இல்லாமல், பக்கத்து மேஜைக்காரரிடம் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "யாரும்மா ஏமாந்தது?" என்றார். "தெரிஞ்சவங்க" என்றேன்.

நீ உடனே போய் விற்றவரைப் பார். தரகரைக் கூட்டிப் போகாதே. விற்றவர் எங்கே இருக்கிறார் என்று கேட்காமலேயே வாங்கியிருக்கிறாய். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன், நீயே போய்ப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 5

அக்கா,

உன் சந்தேகம் சரி.

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு தபால் ஆபீசிலிருந்து நேரே மணலில் நடந்தேன். கொட்டகைக்கு முன்னால் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார், எழுபது வயசு இருக்கும். பத்திரத்தில் இருக்கிற அண்ணன் பெயரைச் சொல்லி, "இவர எங்க பாக்கலாம்?" என்றேன். "பாத்துட்டீங்க, சொல்லுங்க" என்றார்.

நாற்பத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். சீசனுக்கு வந்தவர்கள் இல்லை. அவர், அவர் மனைவி, பக்கத்துக் கொட்டகையில் புருஷனைக் கடலில் பறிகொடுத்த தங்கை. தம்பி செத்து ஒன்பது வருஷமாகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் செத்தவர் போன டிசம்பரில் எனக்குக் கைநாட்டு வைத்திருக்கிறார்.

"நீங்க இந்தப் பத்திரத்துல கைநாட்டு வச்சீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று உள்ளே போய், மீனவர் சங்கத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கோணல் மாணலாக, ஆனால் முழுப் பெயராம்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அளந்துக்கிட்டுப் போனது நீங்கதானா?" என்றார். குச்சிகளைப் பிடுங்கி அடுப்பெரித்தது அவர் மனைவிதானாம். உள்ளே பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

அடுத்த நாள் தரகர் வீட்டுக்குப் போய் ஜெராக்ஸை அவர் முன்னால் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். "இப்ப என்ன பண்ணப் போறீங்க? போலீசுக்குப் போவீங்களா? உங்க பேர்ல வாங்கவே சட்டம் இல்ல, தெரிஞ்சேதான வாங்குனீங்க?" என்றார். அவர் டீ ஊற்றிக்கொடுத்தார். அக்கா, நான் அதைக் குடித்தேன்.

அப்புறம் ஒரு வழி சொன்னார். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி, வேறொரு நாட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் இடம் பார்க்க வருகிறார்கள். கடலோரத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டுமாம். நான் அங்கே நின்று, 'நல்ல இடம், ஒரு தொல்லையும் இல்லை, உடம்பு சரியில்லாததால்தான் விற்கிறேன்' என்று சொன்னால் போதும். அவர்கள் தருவதில் நான் போட்டது முழுசும் எனக்கு வந்துவிடும், மாமா கொடுத்ததும் சேர்த்து. நான் சொல்லாவிட்டால் என் கையில் இருப்பது மூக்கைத் துடைக்கிற காகிதம்தான். நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

எனக்கென்றால் எப்போதோ முடியாது என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மாமா முப்பத்தாறு வருஷம் உழைத்தது. அதைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு உங்கள் வாசலில் நிற்பது?

நீ சொல்கிறபடி செய்கிறேன். இருபத்தேழுக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி எழுது.

சுருட்டை


மே 16

தம்பி,

இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். 'விற்றுவிட்டு வந்துவிடு' என்று எழுதினேன். யாரோ ஒரு வாத்தியார், அவருக்குப் பென்ஷன் வரும், எங்களுக்கு என்ன வரும் என்று எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

ஒட்டிய கவரோடு ஆபீசுக்குப் போனேன். அன்று ஒரு பெண் தன் மச்சினரோடு பத்திரம் எழுத வந்தாள். அவளைப் பார்த்ததும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உன்னிடம் சொன்னதில்லை, மாமாவிடமும் சொன்னதில்லை.

புருஷன் இறந்து இரண்டு மாதமான ஒரு பெண்ணை அவள் கொழுந்தன் கூட்டிக்கொண்டு வந்தான். பாகத்தை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம், நான்தான் எழுதினேன். அது பேங்க் லோனுக்கான காகிதம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் பேச்சிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. விரலில் மை தடவிய பிறகு, "எல்லாம் சரியாத்தான இருக்குங்க அம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கொழுந்தன் எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கிறவன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியா இருக்கு, வைம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அவள் விரலை நான் பிடித்து அழுத்தக்கூட இல்லை. அவளாகவே வைத்தாள்.

அந்தத் தரகனை நீ அயோக்கியன் என்று திட்டினால் என்னாலும் சேர்ந்து திட்ட முடியவில்லை. அதனால்தான் முதல் கடிதத்தைக் கிழித்தேன். இரண்டாவதில் உனக்கு நிறைய நியாயம் சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பாக வந்தது. அதையும் கிழித்தேன்.

நேற்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண்ணைப் பற்றியும் சேர்த்து. "அந்த வாத்தியாரும் ஜன்னலுக்குத்தான் ஆசப்பட்டிருப்பார். சுருட்டைகிட்ட அவர்ட்ட உண்மையச் சொல்லிடச் சொல்லு" என்றார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "டிப்போ பக்கம். பகல்ல கணக்கு எழுத ஆள் தேவையான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றார். அறுபத்தொரு வயசில்.

உண்மையைச் சொல்லிவிடு. இது நான் சொல்வது, அவரும் சொல்வது.

அக்கா


ஜூன் 1

அக்கா,

உன் கடிதம் எனக்கு இருபத்தெட்டாம் தேதிதான் கிடைத்தது.

இருபத்தேழாம் தேதி அவர்கள் வந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். உண்மையை இல்லை. 'நல்ல இடம், ஒரு தொல்லையும் இல்லை' என்று சொன்னேன். நீ எழுதிய மாதிரி யாரும் என் வாயைப் பிடித்து அழுத்தவில்லை, நானாகவேதான் சொன்னேன். எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னபோது கொஞ்சம் இருமினேன்கூட.

வாத்தியார் நல்ல உயரம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தார். அவர் மனைவிக்கு முட்டிவலி போல, மெதுவாக வந்தார். கொட்டகை வாசலில் நின்ற கிழவியைப் பார்த்துக் கும்பிட்டார். கிழவி பதிலுக்குக் கும்பிடவில்லை. வாத்தியாரின் மனைவி என்னிடம், "இவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். "அவங்களுக்கு வேற எடம் இருக்கு" என்றேன்.

தரகர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. என் வாயிலிருந்து அது வந்ததும், அவர் ஏன் அன்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. சொல்ல ஒரு சிரமமும் இல்லை, அக்கா. ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் பழகிவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டவுனில் பதிவு. ஐஸ் ஏற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் போகிறேன் என்று லாரியில் ஏறும்போது நினைத்தேன். டவுன் வரும்வரை அப்படித்தான் நினைத்தேன். பதிவு ஆபீஸ் மாடிப்படியில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்க முடியவில்லை.

"வாங்காதீங்க" என்றேன். நான் பழத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "எடத்த வாங்காதீங்க. பத்திரம் பொய். அந்தப் பெரியவர் விக்கவே இல்ல. என்னையும் ஏமாத்தித்தான் வித்தாங்க."

வாத்தியார் எழுந்து நின்றார். "நேத்து நல்ல எடம்னு சொன்னீங்களே?"

"நேத்து பொய் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார். படியிறங்கிப் போய்விட்டார்கள். தரகர் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என்னை ஒரு அறை அறைந்தார். காதில் இன்னும் ஒரு ரீங்காரம் இருக்கிறது. திரும்பி வந்த வழியில்தான் தபால் ஆபீசில் உன் கடிதத்தை வாங்கினேன்.

மாமாவின் பணம் போய்விட்டது, அக்கா. அதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

நேற்று பெரியவரிடம் போய், புகார் கொடுக்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். என் மேல் நம்பிக்கை இல்லை. நியாயம்தான்.

சுருட்டை


ஜூன் 13

தம்பி,

முதலில் அந்தக் காதை டாக்டரிடம் காட்டு. ரீங்காரம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய்.

உன் கடிதத்தை மாமாவே சத்தமாகப் படித்தார். 'இருமினேன்' என்கிற இடத்தில் சிரித்துவிட்டார். அப்புறம் பணம் போய்விட்டது என்கிற வரி வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மீதியையும் படித்து முடித்தார். கடிதத்தை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். டிப்போவில் வேலை கிடைக்கவில்லை. ஒரு மருந்துக் கடையில் பில் போடப் போகிறார். நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் வீங்கிப் போய் வருகிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அவர் காலை அமுக்கிவிடும்போதெல்லாம் கோபம் வருகிறது. நீ அந்தப் படியில் சொன்னதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன.

புகார் கொடுத்தால் உன் பெயரும் அதில் வரும். பினாமியாக வாங்கியதற்கு உன்னையும் கேட்பார்கள். பயமாக இருந்தால் இப்போதே கிளம்பி வந்துவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இருப்பதானால் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

பெரியவர் ஒத்துக்கொண்டார். விசாரணை நேற்று நடந்தது.

நில அதிகாரி ஒரு பெண், உன் வயசு இருக்கும். பெரியவரும் அவர் தங்கையும் வந்திருந்தார்கள். தங்கையின் இடது பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் இருக்கிற ரேகையோடு ஒத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. நீ சொன்ன வெட்டைக் காட்டினேன். அந்த அதிகாரி லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். தரகர் வரவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. தரகரின் தங்கை மட்டும் வந்து, அண்ணன் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டதாக அழுதார்.

பத்திரம் ரத்து. நிலம் அவர்களுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பணத்துக்குத் தரகர் மேல் தனியாக வழக்குப் போடலாமாம். ஆனால் வாங்க உரிமையே இல்லாத இடத்தை வாங்கியவன் என்பதால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று அதிகாரியே சொல்லிவிட்டார். அபராதம் போட்டு, பதினைந்து நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வர அனுமதி இல்லை.

தீர்ப்புக்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதிகாரி பெரியவரிடம், "இந்த வெளிநாட்டுக்காரர் உங்கள மெரட்டினாரா? காலி பண்ணச் சொன்னாரா?" என்று கேட்டார். அவர் சொன்னதை வைத்துத்தான் என் தண்டனை. சிறையா அபராதமா என்பது அதில்தான் இருந்தது.

பெரியவர், "மெரட்டல. கெட்ட வார்த்த எதுவும் பேசல. மூணு தடவ வந்தாரு. எங்க அடுப்பச் சுத்திக் கயிறு புடிச்சு அளந்தாரு. எம்பொஞ்சாதி அங்கதான் ஒல வச்சிக்கிட்டு இருந்தா. அவளத் தாண்டிக் கயித்தப் போட்டாரு. ஒரு தடவகூட எங்க மொகத்தப் பாக்கல. அவ்ளோதான்" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது உண்மையா?"

மறுத்திருக்கலாம். தரகர் சொன்னார், சீசனுக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன், என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கயிறு எனக்கு ஞாபகம் இருந்தது. உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார், கயிறு இடிக்காமல் இருக்க. நான் அளவைச் சத்தமாகச் சொன்னேன், தரகர் எழுதிக்கொண்டார்.

"உண்மைதான்" என்றேன்.

வெளியே வந்தபோது பெரியவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவர் தங்கையைக் கைபிடித்து ரோட்டைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

பதினாறாம் தேதி விமானம். உன் வீட்டில் தங்க மாட்டேன். பக்கத்தில் எங்காவது ஒரு அறை பார்த்து வை, ஏசி ரிப்பேர் கடை எதிலாவது வேலைக்கும் சொல்லி வை. ஆனால் முதலில் நேரே வீட்டுக்கு வருவேன். மருந்துக் கடையிலிருந்து மாமா வரும்வரை உட்கார்ந்திருப்பேன். அவர் வந்ததும் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வை. ஏதாவது ஜோக் அடித்துவிட்டு உள்ளே போகப் பார்ப்பார். விடாதே, அக்கா. நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுருட்டை